பாட்டு வாத்தியார்களுக்கு, கீபோர்டுக்காரன் எழுதுவது

பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் வீட்டு மாடியிலும் கோயில் மண்டபத்திலும் சர்ச் ஹாலிலும் பாட்டு சொல்லித் தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஆண்டு விழா, போட்டி என்று வரும்போது ஒத்திகைக்குக் கீபோர்டு வாசிக்க உங்களில் பலருடைய வகுப்புக்கு வந்திருக்கிறேன். பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு வசதி, திட்டு விழாது, வேடிக்கை பார்க்கலாம். அப்படிப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். உங்கள் ஞானத்தில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நீங்கள் சொல்வதைக் கேட்டு அந்தப் பிள்ளை உடம்பை என்ன செய்கிறது என்பதுதான் என் கவலை.

"வயித்துலேர்ந்து பாடு." இதைச் சொல்லாத வகுப்பே கிடையாது. ஒரு வகுப்பில் இதைக் கேட்டதும் ஒரு சின்னப் பெண் வயிற்றை எக்கினாள். தோள் இரண்டும் காதுவரை ஏறின, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் முன்னைவிடக் குறைந்துபோனது. "இன்னும் வயித்துலேர்ந்து!" இன்னும் எக்கினாள். அவள் மேல் என்ன தப்பு? சொன்னதைத்தானே செய்தாள். சத்தம் பிறப்பது குரல்வளைக்குள், இரண்டு குரல் நாண்கள் அதிர்வதால். 1854-இலேயே மானுவல் கார்சியா என்பவர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, தன் குரல் நாண்கள் அசைவதைத் தானே பார்த்துவிட்டார். அவர் டாக்டர்கூட இல்லை, உங்களைப் போலப் பாட்டு வாத்தியார். வயிற்றுக்கும் விலாவுக்கும் உள்ள வேலை, காற்றை ஒரேயடியாக விட்டுவிடாமல் அளந்து விடுவது.

இதையே தண்டையார்பேட்டையில் ஓர் அம்மா வேறு மாதிரி சொல்லித் தந்ததையும் பார்த்தேன். "இடுப்புக்கு மேல ரெண்டு கையையும் வை. தோளைத் தூக்காம மூச்சு இழு. கை வெளிய தள்ளுதா? சரி, இப்ப 'ஸ்ஸ்ஸ்'னு விடு. டயர்ல காத்து போற மாதிரி, ஒரே அளவா. நான் பத்து எண்ணுற வரைக்கும் நிறுத்தக் கூடாது." அப்புறம் அதே மூச்சில் ஒரு 'ஸ'. அவ்வளவுதான், வயிறு என்ற பேச்சே வரவில்லை. அந்த வரிசையில் ஒரு பிள்ளையும் தோளைத் தூக்கவில்லை.

"சுருதி சேரலை" என்பது அடுத்தது. சேரவில்லை என்று பிள்ளைக்கும் பாதி தெரிந்துதான் இருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரியும். மேலே ஏற வேண்டுமா, கீழே இறங்க வேண்டுமா என்பதுதான் தெரியாது. "கீழ நிக்குது, கொஞ்சம் ஏத்து" என்றால் ஏற்றும். "உனக்குக் காதே இல்லை" என்று ஒரு வகுப்பில் சொன்னதைக் கேட்டேன். அந்தப் பையனுக்குக் காது இருந்தது. அடுத்த வாரம் அவன்தான் இல்லை.

"மூக்கால பாடாதே" என்பதைச் சோதிக்க ஒரு நிமிஷம் போதும். 'ஆ' என்று பாடிக்கொண்டே மூக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள். சத்தம் மாறினால் காற்று மூக்கு வழியாகப் போகிறது. மாறவில்லை என்றால் மூக்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை; நாக்கையும் வாய் திறப்பையும் பாருங்கள். ம், ன், ங் மூன்றும் மூக்கில்தான் வரும், அதை விட்டுவிடுங்கள்.

உவமையே கூடாது என்று சொல்லவில்லை. பூப்போல எடு என்றால் சில பிள்ளைகளுக்குச் சட்டென்று வந்துவிடுகிறது. வராத பிள்ளையிடம் அதையே சத்தமாகச் சொல்வதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

நம்ம ஏரியா விஷயம் ஒன்று உண்டு. சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுகிறவர்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இங்கே நிறைய. தெருவுக்கே கேட்கிற குரலோடு வகுப்புக்கு வருகிறார்கள். முதல் நாளே "கத்தாதே, இது கானா இல்லை" என்கிறோம். பையன் குரலை மொத்தமாக உள்ளே இழுத்துக்கொள்கிறான். பிறகு மாதக் கணக்கில் "தொறந்து பாடு" என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. "இந்த பலத்தை அப்படியே வெச்சுக்கோ, இந்த வரிக்கு மட்டும் பாதியா குறை" என்று சொல்லிப் பாருங்களேன்.

கடைசியாக, பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பையன்கள். அந்த வயதையொட்டிக் குரல்வளை பெரிதாகிறது, நாண்கள் நீளுகின்றன, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது மேல் 'ஸ'விலிருந்து கீழ் 'ஸ' வரைக்கும், இறங்கிவிடுகிறது. நடுவில் உடைவதும் பிசிறுவதும் வளர்ச்சிதான். ஆனால் சுருதிப் பெட்டி பெண்பிள்ளைகளுக்காக 5 கட்டை என்கிற உயர்ந்த சுருதியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது, அவன் மேல் பஞ்சமத்துக்கு, அதாவது மேல் 'ப'வுக்கு, முட்டுகிறான், "சாதகம் பண்றதே இல்லை" என்ற பேச்சை வாங்குகிறான். அந்தப் பருவத்தில் எத்தனையோ பையன்கள் பாட்டையே விட்டுவிடுகிறார்கள். அவனிடமும் வீட்டிலும் நடப்பதை நேராகச் சொல்லுங்கள். பெட்டியை 2 கட்டைக்கோ 1 கட்டைக்கோ இறக்கி, எட்டுகிற ஸ்வரங்களை மட்டும் மெதுவாகப் பாடவிடுங்கள். எல்லாருக்கும் சேர்த்து நடக்கிற வகுப்பில் கட்டையை மாற்ற முடியாது என்பது புரிகிறது. வகுப்பு முடிந்து பத்து நிமிஷம் அவனுக்கென்று ஒதுக்குங்கள். ஒத்திகை நாளாக இருந்தால் கீபோர்டை மூட்டை கட்டாமல் நானும் இருக்கிறேன்; அதற்குத் தனியாகக் காசு வேண்டாம்.