அந்த ஏழு மாதம் நான் எங்கே இருந்தேன் என்றால்

என் கனடா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பக் கோப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். 2020 ஜூன் முதல் டிசம்பர் வரை நான் என்ன செய்தேன் என்பதற்கு 'தகுந்த ஆவணம்' வேண்டும், முப்பது நாள் அவகாசம் என்று எழுதியிருந்தீர்கள். கனடா விண்ணப்பத்தில் பத்து வருடக் கணக்கில் ஒரு மாதம்கூட விடுபடக் கூடாது, பொய் சொன்னால் ஐந்து வருடம் தடை, இதெல்லாம் படித்துவிட்டுத்தான் 'வேலை இல்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டேன்' என்று உள்ளதை எழுதினேன்.

அதற்கு என்ன ஆவணம் இருக்கும், நீங்களே சொல்லுங்கள். ஊரடங்கில் வேலை போய்த் திருச்சிக்கு வந்த இரண்டாவது வாரம் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். முதுகில் புண் வரக் கூடாதென்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். அலாரம் அடித்ததும் போர்வையை அம்மா ஒரு பக்கம் பிடிப்பார், நான் ஒரு பக்கம். டிஸ்சார்ஜ் சம்மரி அனுப்பினேன், 'அது அப்பாவின் நோய்க்கு ஆதாரம், நீங்கள் உடனிருந்ததற்கு அல்ல' என்றீர்கள். சரி, மருந்துக் கடை பில்லை எல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேனே என்று திறந்து பார்த்தால் அத்தனையும் வெள்ளைத் தாள், எழுத்தே மங்கிப் போயிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒன்றில் மட்டும் 'டயப்பர்' என்று லேசாகத் தெரிகிறது. ஸ்கேன் எடுத்தால் அதுவும் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். வேலையில் இல்லாத மாதத்துக்கு எந்த ஆவணத்தை ஏற்பீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

தெரிந்த கம்பெனியில் ஒரு பொய்க் கடிதம் வாங்கி ஒட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்று நினைக்கும்போதுதான் எரிகிறது. இதில் 2022 சிங்கப்பூர் பயணத்துக்கு பாஸ்போர்ட்டில் முத்திரை எங்கே என்று வேறு. அந்த வருடம் ஏப்ரலிலேயே அவர்கள் முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டார்கள், அனுமதி மெயிலில்தான் வரும். நான் கொடுத்தது ஆபீஸ் மெயில், வேலையை விட்டதும் அதை மூடிவிட்டார்கள். அப்புறம் எங்கள் வீட்டுப் பழைய கதவு எண் 14, புதிய எண் 31. அது இரண்டு வீடு இல்லை ஐயா, ஒரே வீடு, ஒரே கதவு, அதுவும் சரியாகச் சாத்தாது.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். நோட்டரி கையெழுத்தோடு நானும் அம்மாவும் பிரமாணப் பத்திரம் தந்தால் போதுமா? பக்கத்து வீட்டு அக்காவும் எழுதித் தரத் தயார், பல ராத்திரி எங்கள் வீட்டு அலாரம் கேட்டு எழுந்தவர் அவர். எது வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள். கெடு முடியப் பதினொரு நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
120 மாதத்தில் 113-க்குக் கணக்குக் காட்டிவிட்டவன்