மாருதி 800-க்கு எஃப்.சி. கிடைத்துவிட்டது: கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

அன்புள்ள ஐயாக்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும்,

வணக்கம்.

போன வாரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என் 1993 மாடல் மாருதி 800-க்கு எஃப்.சி. (ஓடத் தகுதியானது என்ற சான்று) ஆகிவிட்டது. ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். உங்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கே போன் செய்து சொல்லிவிட்டேன். ஆனால் போனில் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. நீங்கள் எனக்கு என்ன செய்தீர்கள் என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி திருச்சி பெல் (BHEL) குடியிருப்பில் இருந்த சாருக்கு. வண்டியைப் புதிதாக எடுத்தவர் அவர்தான். கண் பார்வை மங்கிய பிறகு ஓட்டுவதை விட்டு ஷெட்டில் நிறுத்தியிருந்தார். காயலான் கடைக்காரர்கள் நான் கொடுத்ததைவிடக் கூடுதலாகவே கேட்டார்கள். “ஓட்டறவங்களுக்குத்தான் கொடுப்பேன், உடைக்கறவங்களுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு எனக்குக் கொடுத்தார். சாவியோடு, வண்டி வாங்கிய நாளிலிருந்து சேர்த்து வைத்த பில்கள், கையேடு, அவருடைய சொந்த பாக்ஸ் ஸ்பேனர் செட் எல்லாம் வந்தன. சார், அந்த பில் ஃபைல்தான் எங்களுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தியது. எந்த வருஷம் என்ன மாற்றினார்கள் என்று அதில் எல்லாமே இருந்தது.

வண்டியை முதலில் பார்த்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் “இன்ஜின் போச்சு, எடைக்குப் போட்டுடுங்க” என்று பானெட்டை முழுசாகத் திறக்காமலே சொல்லிவிட்டார்கள். அதை விடுங்கள்.

அரியமங்கலம் மெக்கானிக் அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இப்போதும் தெரியவில்லை. நீங்கள் வந்ததும் செய்த முதல் காரியம் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதன் அடியை எனக்குக் காட்டியதுதான். மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. “ஆயில்ல தண்ணி கலந்திருக்கும்மா. இன்ஜின் ஒண்ணும் போகல. ஹெட் வளைஞ்சு கேஸ்கெட் விட்டிருக்கு” என்றீர்கள். ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி, கேஸ்கெட் அதன் அடியில் கசியாமல் அடைக்கும் தகடு. அப்புறம் ஏன் வளைந்தது என்று தேடினீர்கள். அந்த ‘ஏன்’தான் எனக்குப் பெரிய பாடம். ரேடியேட்டரில் கூலன்ட் இல்லை. வருஷக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றி, உப்புப் படிந்து, குழாய்கள் பாதி அடைத்திருந்தன. சூடு ஏறுகிறது என்று யாரோ தெர்மோஸ்டாட்டையே (சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வை) கழற்றிப் போட்டிருந்தார்கள். நோய் ரேடியேட்டரில் இருந்தது, வைத்தியம் வேறு இடத்தில் நடந்திருக்கிறது. புது தெர்மோஸ்டாட்டைப் பொருத்துவதற்கு முன்னால் வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். அது திறக்க வேண்டிய சூடு, 82 டிகிரி, அதன் மேல் பொறித்திருந்தது. அடுப்படியில் தெர்மாமீட்டரோடு நின்று, அது மெல்ல வாய் திறப்பதைப் பார்த்தபோதுதான், இன்ஜின் சூட்டை ஒரே நிலையில் வைப்பது எவ்வளவு சின்னப் பொருள் என்று புரிந்தது.

“நீயே கழட்டு, நான் பக்கத்துல நிக்கறேன்” என்று சொன்னீர்களே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு என் வீட்டு போர்டிகோவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தீர்கள். நீங்களே செய்திருந்தால் சீக்கிரம் முடித்துக் கூலி வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஒரு அட்டையில் ஹெட்டின் படத்தை வரைந்து, ஓட்டை போட்டு, கழற்றும் போல்ட்டை அந்தந்த ஓட்டையில் செருகச் சொன்னீர்கள். திரும்ப மாட்டும்போது எது எங்கே என்ற கேள்வியே வரவில்லை. ஹெட் போல்ட்டை நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இல்லாமல் படிப்படியாக இறுக்க வேண்டும் என்பதையும், மூன்று சிலிண்டருக்கும் நெருப்பு 1-3-2 வரிசையில் போகும் என்பதையும் நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரும்பு ஸ்கேலை ஹெட்டின் மேல் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்தோம். வளைவுக்குக் கையேட்டில் இருந்த எல்லை 0.05 மில்லிமீட்டர். இங்கே 0.15 தகடே நுழைந்தது.

அங்கிருந்து லேத் பட்டறைக்குப் போனோம். பட்டறை ஐயா, ஹெட்டை ஃபேசிங் செய்து (முகத்தைச் சீவிச் சமமாக்கி) கொடுத்ததற்கு நீங்கள் காசு வாங்கிக்கொண்டீர்கள், சரி. ஆனால் சைலன்சர் பக்கம் முறிந்து உள்ளேயே நின்றுவிட்ட ஸ்டட்டை (தலையில்லாத போல்ட்டை) எடுத்துக் கொடுத்ததற்கு ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அதை நான் மறக்கவே மாட்டேன். ஸ்டட் ஹெட்டின் முகத்தோடு முகமாக ஒடிந்திருந்தது. பிடிக்க ஒரு நூல் இடம்கூட இல்லை. டிரில் போட்டால் பக்கத்து அலுமினியம் போய்விடும் என்று சொன்னீர்கள். ஒரு நட்டை எடுத்து, ஒடிந்த ஸ்டட்டுக்கு நேராக வைத்து, நட்டின் துளைக்குள் வெல்டிங் ராடை விட்டுப் பொரிய வைத்தீர்கள். “அலுமினியத்துல இந்த வெல்டிங் ஒட்டாதும்மா, இரும்புல மட்டும்தான் ஒட்டும். பயப்படாத.” நட்டும் ஸ்டட்டும் ஒன்றாகிவிட்டன. சிவப்பு அடங்கும் வரை காத்திருந்து, ஒரு மெழுகுவர்த்தித் துண்டை அதன் ஓரத்தில் தொட்டீர்கள். மெழுகு உருகி மரைக்குள் இறங்கிப் போனது. ஸ்பேனரைப் போட்டதும் திருகவில்லை. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று அசைத்து அசைத்து, நாலாவது ஐந்தாவது அசைவில் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு ஸ்பேனரை என் கையில் கொடுத்து “மீதிய நீ எடு” என்றீர்கள். மரை ஒன்றுகூடப் பழுதாகாமல் ஸ்டட் வெளியே வந்தது. அந்த ஸ்டட்டை நட்டோடு அப்படியே வைத்திருக்கிறேன், ஐயா.

சென்னை புதுப்பேட்டை ஸ்பேர்ஸ் கடை அண்ணனை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. போனில் பேசிப் பழகியதுதான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, 2014 ஜனவரியோடு நின்றுபோனதே, இனிப் பாகங்களுக்கு எங்கே போவது என்று நான் கவலைப்பட்டபோது, “அதே 796 சி.சி. இன்ஜின்தான் ஆம்னியிலயும் ஓடிச்சு. அது 2019 வரைக்கும் வந்துச்சு. இன்ஜினுக்குள்ள போற சாமான் பலதும் ஒண்ணுதான், தைரியமா இருங்க” என்றார். எது ஆம்னியுடையது பொருந்தும், எது பொருந்தாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கம்பெனிச் சாமான் எது, டூப்ளிகேட் எது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். டூப்ளிகேட்டில்தான் அவருக்கு லாபம் அதிகம். பிரேக் சாமான்களில் மட்டும் டூப்ளிகேட்டைத் தரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பார்சலை பஸ்ஸில் போட்டுவிட்டு, வந்து சேர்ந்ததா என்று மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டுக் கேட்பார்.

இனி எத்தனால் விஷயம். இதில் இரண்டு பேருக்குச் சேர்த்து நன்றி சொல்ல வேண்டும். இன்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகும் ஐட்லிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஒரே நிலையில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் அண்ணன் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, வெள்ளை வெளேரென்று இருக்கிறது, பெட்ரோல் போதவில்லை என்றார். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்பரேட்டரில், பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டில் அடைப்பு இல்லை. பக்கத்து வீட்டுக் கெமிஸ்ட்ரி சார் அப்போதுதான் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு மெஷரிங் சிலிண்டரோடு வந்தார். திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, 20 மில்லி தண்ணீர் ஊற்றி, அதன் மேல் 80 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வைத்தார். சற்று நேரத்தில் பார்த்தால், 20-ல் இருந்த தண்ணீர்க் கோடு 35-ஐத் தாண்டி நின்றது. பெட்ரோலில் இருந்த எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்று செய்தியில் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும் என்று சார் விளக்கினார். புது வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். கார்பரேட்டருக்கு அது தெரியாது. 1993-ல் போட்ட ஜெட் அளவுதான் அதற்குத் தெரியும். அதைக் கேட்டதும் அண்ணன், “அப்ப அடுத்த அளவு ஜெட் போட்டா சரியாயிடும் சார்” என்றார். ஒருவர் பிளக்கின் நிறத்தில் கண்டதை இன்னொருவர் கணக்கில் சொன்னார். இருவரும் அன்று பேசி முடிக்கையில் இருட்டிவிட்டது. என் வாழ்க்கையில் நான் உட்கார்ந்து கேட்ட நல்ல பாடங்களில் அது ஒன்று. சார் சொன்னபடி பழைய ரப்பர் ஹோஸ்களை எல்லாம் எடுத்துவிட்டு எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் போட்டோம். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் புதிது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்க்கைக் கழற்றித் துருவை எடுத்தோம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஹோஸை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் ஒழுகினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தகடு வேலை செய்யும் டிங்கர் பாய், முன் கண்ணாடி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, டிரைவர் சீட்டுக்கு அடியில் தரை அரித்துப் போயிருந்ததை, மேலே பட்டி போட்டு மறைக்காமல், நல்ல தகடு வரும் வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துக் கொடுத்தீர்கள். மேட் போட்டால் வெளியே தெரியப்போவதில்லை. தெரியாத இடத்திலும் அப்படித்தான் செய்வீர்கள் என்று உங்களை அனுப்பி வைத்தவர் சொன்னது உண்மை.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் அக்காவை எல்லாருக்கும் தெரிய வேண்டும். அப்பாவுடைய கடையை இப்போது அவர்தான் நடத்துகிறார். ஹெட்லைட் மங்கலாக இருக்கிறதே, அதிக வாட் பல்பு போடலாமா என்று கேட்டேன். “பல்ப மாத்தாதீங்க, ஒயர் உருகிடும்” என்று சொல்லி, மல்டிமீட்டரை என் கையில் கொடுத்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பின் முனையில் 11-க்கும் கீழே. மின்சாரம் முழுவதும் முப்பது வருஷத்துச் சுவிட்ச் வழியாகச் சுற்றிவந்து வழியிலேயே கரைந்துகொண்டிருந்தது. இரண்டு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச்), ஒரு ஃபியூஸ், பேட்டரியிலிருந்து நேராகப் புது ஒயர். சுவிட்ச் இப்போது ரிலேயை மட்டும்தான் இயக்குகிறது. அதே 60/55 வாட் பல்பு, இரவில் சாலை பளிச்சென்று தெரிகிறது. எதிரே வருபவர் கண் கூசக் கூடாது என்று சுவரில் கோடு போட்டு விளக்கின் உயரத்தையும் சரிசெய்து கொடுத்தார். வண்டியில் செய்த மேம்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

புகைப் பரிசோதனை நிலையத் தம்பி, கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வரச்சொல்லி, மீட்டரை மாட்டிவிட்டு, நான் மிக்ஸ்சர் ஸ்குரூவைத் திருப்பத் திருப்ப எண்ணை வாசித்துக்கொண்டே நின்றீர்கள். அந்தக் காலத்து வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. 4-க்கு மேல் இருந்ததை 1.6-க்குக் கொண்டுவந்த பிறகுதான் சீட்டு அடித்தீர்கள். பாஸ் ஆனால் போதும் என்று நீங்கள் விட்டிருந்தால் 2.9-லேயே விட்டிருக்கலாம்.

வீட்டு ஓனர் அம்மா, போர்டிகோவில் ஆயில் கறை படிந்தபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை, மரத்தூள் மூட்டை அனுப்பி வைத்தீர்கள். எதிர் வீட்டுப் பிள்ளைகள் பரீட்சை நேரத்திலும் சுத்தியல் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். என் அம்மா, எத்தனை பேர் எந்த நேரத்தில் வந்தாலும் டீயும் சுண்டலும் கொடுத்து அனுப்பினார். எல்லாருக்கும் நன்றி.

இத்தனை பேரும் எனக்குச் செய்ததில் ஒன்று பொதுவாக இருந்தது. யாரும் தொழிலை மறைக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னீர்கள், கருவியை என் கையில் கொடுத்தீர்கள். அதனால் அந்த வண்டியில் எது எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று இன்று எனக்குத் தெரியும். வழியில் நின்றால் நானே பார்த்துக்கொள்வேன்.

ஆகவே, இதைப் படிக்கிற யாராவது திருச்சியில் பழைய 800 அல்லது ஆம்னியை வீட்டில் வைத்துச் சரிசெய்ய நினைத்தால், டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவாக இறுக்கும் ஸ்பேனர்), ஃபீலர் கேஜ், ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டர் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. வாடகை வேண்டாம், துடைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். கையேட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். மெக்கானிக் அண்ணனுடைய மச்சான் வண்டிக்கு வருகிற ஞாயிறு ரேடியேட்டர் இறக்குகிறோம். பார்த்துக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் காலை 9 மணிக்கு வாருங்கள், பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.

அன்புடனும் மிகுந்த நன்றியுடனும்,
உங்கள் மாருதி 800 தங்கச்சி,
திருச்சி