நாணயக் கண்காட்சி நடத்தும் சங்கத்தாருக்கு: வாசலில் ஒரு லென்ஸ் வையுங்கள்

சங்கப் பெரியவர்களுக்கு வணக்கம்.

போன கண்காட்சியில் மூன்றாவது வரிசை மேசையில் நடந்த தகராறு உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். சத்தம் போட்டது என் அக்கா மகன்தான். பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கிறான். அக்காவின் சீட்டுப் பணம் 6,000 ரூபாயைக் கொடுத்து, 'டபுள் டை எரர்' (அச்சிலேயே உருவம் இரட்டையாக விழுந்த தப்புக் காசு) என்று லேபிள் ஒட்டிய 1976ஆம் வருஷத்து பிரெஞ்சு ஒரு பிராங்க் காசை வாங்கியிருந்தான்.

நான் உலோகம் அடிக்கும் பிரஸ் கடையில் 31 வருஷம் டை ஃபிட்டர்; டை என்றால் உருவத்தை அடித்துப் பதிக்கும் அச்சு. பத்து மடங்கு லென்ஸில் அரை நிமிஷம் பார்த்தேன். காசில் இருக்கும் விதைக்கும் பெண் உருவத்தைச் சுற்றியுள்ள எழுத்துகளின் ஒரு பக்கம் சப்பையாக நசுங்கி, படிக்கட்டு மாதிரி இறங்கியிருந்தது. எழுத்தும் அந்த அளவுக்கு இளைத்திருந்தது. டை லூசாகி, அடித்த வேகத்தில் துள்ளி உரசினால் வருவது அது. எங்கள் கடையில் அப்படி வந்தால் போல்ட்டை முடுக்குவோம், விலையை ஏற்ற மாட்டோம்.

நிஜமான டபுள் டை, டை செய்யும்போதே வரும் தப்பு. டைக்கு உருவம் கொடுக்கும் தாய் அச்சான ஹப்பை அழுத்தி, டையைச் சூடாக்கி இளக்கி, மறுபடி அழுத்தும்போது இம்மி விலகினாலும் உருவம் இரண்டாகப் பதியும். அந்த டையில் அடித்த அத்தனை காசிலும் அதே இரட்டை வரும். எழுத்து தடிக்கும், இளைக்காது. கடைக்காரர் போனில் காட்டினாராமே, 1955ஆம் வருஷ அமெரிக்க சென்ட், அது அந்த ரகம். அதில் வருஷம் இரண்டாக இருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும்.

திருப்பிக் கொடுக்கப் போனவனுக்குக் கடைக்காரரிடம் கிடைத்த பதில்: "ரெட்டையா தெரியுதுல்ல, அப்புறம் என்ன?"

வீட்டில் அவன் என்னைக் கேட்டான்: "சங்கம் நடத்துறதுதானே மாமா, அங்கயுமா?" அக்கா பேசாமல் காசை வாங்கி முந்தானையில் தேய்த்துப் பார்த்தாள். தேய்க்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஆகவே கேட்கிறேன்: வாசலில் ஒரு மேசை, ஒரு லென்ஸ், விவரம் தெரிந்த ஒருவர். அவர் பார்க்காமல் எந்தக் காசிலும் 'எரர்' லேபிள் ஏறக் கூடாது.

போனைத் திறந்தால் பழைய அஞ்சு ரூபாய்க் காசுக்கு அஞ்சு லட்சம் தருகிறேன் என்கிறான் ஒரு மோசடிக்காரன். பழைய காசு மோசடி பற்றி 2021இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. அவனாவது முகத்தைக் காட்டுவதில்லை. உங்கள் மண்டபத்தில் குத்துவிளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, பிறகு விற்கிறார்கள்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். லென்ஸ் வாங்கச் சங்கத்தில் பணம் இல்லையென்றால் என்னுடையதைத் தருகிறேன். மேசையில் நானே உட்காரவும் தயார். 6,000 ரூபாயை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு பழைய டை ஃபிட்டர்