செயலாளர் ஆண்டறிக்கை: பட்ட மரம் நின்ற வசந்தம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சனிக்கிழமை வேலைகளை ஒதுக்கிவிட்டுக் குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நாம் கூடியிருக்கும் இந்த ஆஸ்திரேலிய மண்ணின் மூத்த குடிகளான ஜா ஜா வுரங் மக்களையும் அவர்களுடைய பெரியோர்களையும் முதற்கண் வணங்குகிறேன்.

சென்ற ஜூலை முதல் இந்த ஜூன் வரையிலான நம் தோட்டச் சங்கத்தின் பணிகளை அறிக்கையாக முன்வைக்கிறேன். செயற்குழு ஆறு முறை கூடியது. பெண்டிகோ, காசில்மெய்ன், மால்டன் பக்கங்களிலிருந்து நான்கு குடும்பங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. அவர்களை மனமார வரவேற்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இங்கே வசந்தமான செப்டம்பர், அக்டோபர், நவம்பர் ஆகிய மூன்று மாதங்களைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப்போகிறேன். நம் வேலையில் முக்கால்வாசி அப்போதுதான் நடக்கிறது, கருத்து வேறுபாடுகளும் அப்போதுதான் வருகின்றன.

முதலில் பட்ட மரம். பொதுத் தோட்டத்தின் மூலையில் நிற்கும் அந்தக் கிரே பாக்ஸ் என்ற யூகலிப்டஸ் மரத்தை வெட்டிவிடலாம் என்று ஜூலைக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. பிள்ளைகள் விளையாடும் இடம், கிளை விழுந்தால் என்ன ஆவது என்ற கவலை நியாயமானது. வெட்டலாம் என்று நானும் கை தூக்கினேன். வெட்ட வேண்டாம் என்று எழுந்து நின்றவர் மால்டன் அக்கா. யூகலிப்டஸ் மரத்தில் ஒரு பறவை குடியிருக்கும் அளவுக்குப் பொந்து விழ நூறு ஆண்டுக்கு மேல் ஆகும் என்றார். 1851-இல் இங்கே தங்கம் கிடைத்த பிறகு சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கவும், விறகுக்கும், கொட்டகை கட்டவும் இந்தக் காடுகளை ஏறக்குறைய மொட்டையடித்துவிட்டார்கள். இன்று நாம் காடு என்று பார்ப்பதில் பெரும்பகுதி வெட்டிய அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து வந்தது. ஒரே தூரில் மூன்று நான்கு தண்டுகள் நிற்பது அதனால்தான். பொந்துள்ள பழைய மரங்கள் தேடினால்தான் கிடைக்கும். மரவேலைக்காரர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். ஆபத்தான இரண்டு கிளைகளை மட்டும் இறக்கிவிட்டு, அடிமரம் இன்னும் பல ஆண்டு நிற்கும் என்று சொல்லிப் போனார். சுற்றிலும் வேலி போட்டோம். மரம் நிற்கிறது.

ஆகஸ்ட் கடைசியில் தங்க வாட்டில் பூத்துவிட்டது. செப்டம்பர் 1 தேசிய வாட்டில் நாள். 1992 முதல் கொண்டாடப்படுகிறது. வாட்டில் நம் வேலமரத்தின் உறவுக்காரிதான், ஆனால் முள் கிடையாது. அன்று பெண்டிகோ வட்டாரத்துக்கே உரிய விரக்கீ வாட்டில் கன்றுகளைப் பிள்ளைகள் நட்டார்கள். பெரும்பாலானவை பிடித்துவிட்டன. வேலியோரம் ஊதா அவரைப்பூப் போலத் தொங்கும் ஹார்டன்பெர்ஜியா இந்த ஆண்டு கொள்ளை கொள்ளையாகப் பூத்தது. அக்டோபரில் சாக்லெட் லில்லி பூத்தபோது பிள்ளைகள் முழங்காலிட்டு ஒவ்வொரு பூவாக மோந்து பார்த்தார்கள். வெயில் ஏறிய பிறகு அந்த மெல்லிய ஊதாப் பூவில் நிஜமாகவே சாக்லெட் வாசனை வரும்.

காட்டு ஆர்க்கிட் பற்றி ஒரு வேண்டுகோள். நடைப்பயணத்தில் கண்ட மெழுகிதழ் ஆர்க்கிடின் நீல ஊதா நிறம் யாரையும் மயக்கும். அதைத் தொட்டியில் வைத்துப் பிழைக்க வைக்க முடியாது. அதன் வேர் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையை நம்பியிருக்கிறது. பெயர்த்தால் அந்த உறவு அறுந்துபோகும். அரசுக் காட்டில் செடி பிடுங்குவது சட்டத்துக்கும் விரோதம். படம் எடுங்கள், செடியை விட்டுவிடுங்கள்.

மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவையின் பிரச்சினை வழக்கம்போல ஆகஸ்டில் தொடங்கி அக்டோபரில் அடங்கியது. கொத்த வருவது பெரும்பாலும் குஞ்சு காக்கும் ஆண் பறவை. அதற்கு மனித முகம் நினைவிருக்கும். ஓடுபவரையும் கல்லெறிபவரையும் மறக்காது. நுழைவாயிலில் அறிவிப்புப் பலகை வைத்தோம், அந்த ஆறு வாரம் பின்வாசலைப் பயன்படுத்தினோம். யாருக்கும் காயமில்லை.

இனி பொந்துக்கு வருகிறேன். செப்டம்பர் நடுவில் ஒரு ஜோடி ரொசெல்லா கிளி பட்ட மரத்தின் மேல்பொந்தைச் சுற்றிச்சுற்றி வந்தது. பெண் உள்ளே போய்ப் பார்க்கும், ஆண் வாசலில் காவல் நிற்கும். ஒன்பது நாள் கழித்து மைனாக்கள் வந்தன. நம் ஊரில் கூரை மேல் சண்டை போடும் அதே மைனாதான். காய்கறித் தோட்டங்களில் பூச்சி பிடிக்கும் என்று நம்பி 1860களில் மெல்போர்னுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அது இன்று பொந்துக்காகக் கிளிகளோடு போட்டியிடுகிறது. வீட்டு வாசலில் கேட்டு வளர்ந்த குரல் அது. இங்கே அது செய்யும் காரியத்தைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. குப்பையும் வைக்கோலும் திணித்து இரண்டே நாளில் பொந்தைப் பிடித்துவிட்டன. கிளிகள் மூன்று நாள் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போயின.

அதற்குப் பிறகுதான் கூட்டுப்பெட்டி வேலை சூடுபிடித்தது. தலைவர் அண்ணாவின் கொட்டகையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு பெட்டிகள் செய்தோம். ஆறு பெட்டிகளுக்கு வாசலுக்கு எதிரே ஒரு தடுப்புப் பலகை வைத்தோம். கிளி பெட்டியின் பக்கத்தைப் பற்றி ஏறி உள்ளே நழுவிக்கொள்ளும். நேராகப் பறந்து நுழைந்து பழகிய மைனா தயங்கும். நவம்பரில் ஒரு பெட்டியில் ரொசெல்லா குடியேறியது. அதே ஜோடிதானா என்று கேட்கிறார்கள். அது எனக்குத் தெரியாது, அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அக்டோபரில் பறவைக் கணக்கெடுப்பு. பறவைப் பாதுகாப்பு அமைப்பான பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா 2014 முதல் நடத்திவரும் இந்த எண்ணிக்கையில் ஓரிடத்தில் இருபது நிமிடம் நின்று கண்டதை எல்லாம் பதிந்தால் போதும். நம் உறுப்பினர் குடும்பங்களில் பாதிக்கு மேல் கலந்துகொண்டன. அடுத்த முறை எல்லோரும் வர வேண்டும்.

ஓர் உறுப்பினர் வீட்டில் நடந்ததை இங்கே பதிவு செய்ய வேண்டும். கொட்டகை கட்ட இறக்கிய மணல் குவியலில் வானவில் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டிவிட்டன. வடக்கிலிருந்து வசந்தத்துக்கு இங்கே வரும் பறவைகள் அவை. நான் போய்ப் பார்த்தேன். ஆண் பறவை தட்டானைப் பிடித்துக் கம்பியில் அடித்து அடித்துச் சாகடித்து, பெண்ணின் அலகில் வைத்தது. பெண் காலால் மணலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. வளைக்குள்ளிருந்து மணல் பீறிட்டு வந்தது. அந்தக் குடும்பம் கொட்டகை வேலையை ஜனவரி வரை தள்ளிவைத்தது. வேலைக்காரருக்குக் கொடுத்த முன்பணம் போயிற்று. அவர்களுக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி.

காசில்மெய்ன் கலிம்னா பூங்காவில் இரவு நடை போனோம். எல்தம் காப்பர் என்ற சின்னஞ்சிறு வண்ணத்துப்பூச்சியின் புழுவைப் பார்க்கத்தான். இந்தப் பூச்சி அழிந்தே போயிற்று என்று கருதப்பட்டு, 1980களில் மெல்போர்னின் எல்தம் பகுதியில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. பர்சேரியா என்ற முட்செடியின் இலையை மட்டுமே அதன் புழு தின்னும். பகலில் செடியின் அடியில் எறும்புப் புற்றில் கிடக்கும். இருட்டியதும் எறும்புகளின் துணையோடு மேலே ஏறும். டார்ச் வெளிச்சத்தில் அரை மணி நேரம் தேடி ஒரு புழுவைக் கண்டோம். ஓடில்லாத நத்தை போலத் தட்டையாக, இலை நிறத்தில் இருந்தது. அதன் முதுகிலும் பக்கத்திலும் நான்கைந்து எறும்புகள். புழுவின் உடலில் கசியும் இனிப்பு அவற்றுக்குக் கூலி. இப்படி ஒரு துணை இல்லாமல் அந்தப் பூச்சி இல்லை. பர்சேரியா முள் குத்துகிறது என்று தோட்டத்திலிருந்து பிடுங்குவதை இனி நிறுத்துவோம்.

ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். அது என்னுடையது. நவம்பர் கடைசியில் என் வீட்டு ஆப்ரிகாட் மரத்துக்கு வலை போட்டேன். கடையில் விலை குறைவாகக் கிடைத்த, கண் பெரிய வலை. மறுநாள் காலை, தரையில் தொங்கிய ஓரத்தில் ஒரு நீலநாக்கு அரணை சிக்கிக் கிடந்தது. கழுத்திலும் முன்காலிலும் இழை இறுகியிருந்தது. நகவெட்டிக் கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டினேன். அது சீறிக்கொண்டு நீல நாக்கை நீட்டிக்கொண்டே இருந்தது. என் கைகள் நடுங்கின. வனவிலங்கு மீட்பவர் வந்து காயத்தைப் பார்த்து எடுத்துப்போனார். பிழைத்துவிட்டது. விக்டோரியாவில் 2021 செப்டம்பர் 1 முதல், வீட்டுப் பழமரத்துக்குப் போடும் வலையின் கண் முழுதாக இழுத்தாலும் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். விரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம். நுண்கண் வலையைச் சங்கமே மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குத் தருவதற்குச் செயற்குழு ஒப்புதல் அளித்திருக்கிறது. பழைய வலையை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

எலி விஷம் குறித்த தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது. புரோடிஃபாகூம் போன்ற விஷத்தைத் தின்ற எலியைத் தின்னும் தவளைவாயன் என்ற இரவுப் பறவையும் ஆந்தையும் செத்துப்போகின்றன. பொதுத் தோட்டத்தில் இனிப் பொறி மட்டுமே.

பழுப்புப் பாம்பு இரண்டு முறை தென்பட்டது. முதலுதவிப் பயிற்சிக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். வராதவர்களுக்காக: கடித்த இடத்தைக் கழுவாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் அழுத்தமாகக் கட்டுப் போட்டு, அசையாமல் படுக்கவைத்து, அவசர உதவி எண்ணான 000-ஐ அழையுங்கள்.

காய்கறிப் பக்கம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அக்டோபர் உறைபனியில் அவசரப்பட்டவர்களின் தக்காளி நாற்று கருகியது. மெல்போர்ன் கப் குதிரைப் பந்தயம் முடிந்துதான் தக்காளி நட வேண்டும் என்று இந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டவர்களுக்கு நல்ல விளைச்சல். கறிவேப்பிலைத் தொட்டிகளை உள்ளேயே வைத்திருந்தவர்களுக்கும் கவலையில்லை.

பெட்டிகளுக்கு மரப்பலகை கொடுத்தவர்களுக்கும், இரவு நடைக்கு வழிகாட்டிய தன்னார்வலர்களுக்கும், ஒவ்வொரு பணிநாளும் சுக்குக்காப்பி போட்டுவந்த அத்தைக்கும் நன்றி.

அடுத்த பணிநாள் ஜூலை இரண்டாம் ஞாயிறு. கூட்டுப்பெட்டிகளைச் சுத்தம் செய்ய வேண்டும், ஏணி வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். காலையில் சீக்கிரம் வருபவர்கள் பட்ட மரத்தின் கீழ்ப்பொந்தைச் சத்தமில்லாமல் அண்ணாந்து பாருங்கள். மே மாதம் முதல் அங்கே ஆந்தைப்பக்கி என்ற ஒரு சின்ன இரவுப் பறவை இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் போலத் தெரியும், கண் மட்டும் முகம் முழுக்க. வெயில் பட்டதும் வாசலுக்கு வந்து உட்காரும். வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்