அண்ணாவுக்கு: இந்த முறையும் நாங்கள் வெளியில்தான் தங்குகிறோம்

அன்புள்ள அண்ணா,

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு நாங்கள் வருகிறோம். ஆனால் உங்கள் வீட்டில் தங்கப்போவதில்லை. சென்ற முறை தங்கிய அதே சர்வீஸ் அபார்ட்மென்ட்டில், அதாவது சமையலறையோடு நாள் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் அடுக்ககத்தில், இரண்டு படுக்கையறைகள் கொண்ட ஒரு குடியிருப்பைப் பதிவு செய்துவிட்டோம். தொலைபேசியில் சொன்னால் நம் இருவரின் குரலும் உயர்ந்துவிடும் என்பதால் எழுதுகிறேன். இதைப் பலரும் படிக்கும் இடத்தில் ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் அங்கே தங்கியதற்கு ஆளுக்கொரு காரணம் பலர் முன்னிலையில்தான் சொல்லப்பட்டது. என் காரணமும் அதே இடத்தில் இருக்கட்டும். உறவினர்கள் படிப்பார்கள் என்பதால், கிளம்பும் நேரத்தில் நாம் பேசிக்கொண்டவற்றை இங்கே எழுதவில்லை.

சென்ற முறை அம்மாவும் எங்களோடு அங்கே தங்கியிருந்தபோது நீங்கள் வந்த அந்த மாலைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. எங்களை அழைத்துப்போக வந்த நீங்கள் சோபாவின் நுனியில் அமர்ந்திருந்தீர்கள். சின்னவனுக்குப் பால் காய்ச்சுவதற்காக அம்மா, தன்னோடு கொண்டுவந்திருந்த பழைய அலுமினியப் பாத்திரத்தை இண்டக்ஷன் அடுப்பின்மேல் வைத்தார். அடுப்பு ஒலியெழுப்பிவிட்டு அணைந்துபோனது. மறுபடியும் வைத்தார், மறுபடியும் அணைந்தது. தன்னால் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து அவர் கையை இழுத்துக்கொண்டபோது நீங்கள்தான் எழுந்து வந்தீர்கள். அந்த அடுப்பு தீயைப்போல மேலிருப்பதையெல்லாம் சுட வைக்காது, காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடியைத்தான் சூடேற்றும், காந்தம் ஒட்டாத அலுமினியத்தை அது ஏற்காது என்று அவருக்கு நிதானமாக விளக்கினீர்கள். பிறகு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டிருந்த சிறிய காந்தத்தை எடுத்து, அலமாரியில் இருந்த ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டிப் பார்த்தீர்கள். எவர்சில்வரிலேயே சில ஒட்டவில்லை. ஒட்டிய ஒன்றைக் கண்டுபிடித்து அம்மாவின் கையில் கொடுத்தபோது அவர் சிரித்தார். அத்தனை பொறுமையாக நீங்கள் அவரோடு நின்று நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது, அண்ணா.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், "மகன் வீடு இருக்கும்போது யாரோ ஒருவருடைய அடுப்பில் சமைக்க வேண்டுமா?" என்று கேட்டீர்கள். அம்மா பாலைப் பார்த்தபடி நின்றார். பதில் சொல்லும் பொறுப்பை நீங்கள் ஏன் அவர்மேல் வைத்தீர்கள்? அங்கே தங்குவது என் முடிவு. அவரோ அதன்பிறகு எனக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று, தங்கியிருந்த நாள் முழுவதும் இருவரையும் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

உங்கள் மனம் புண்பட்டதற்காக நான் வருந்துகிறேன், மனமார வருந்துகிறேன். ஆனால் விடுதி அறையில் குழந்தை தூங்கியதும் பெரியவர்களும் விளக்கணைத்து மௌனமாக இருக்க வேண்டும். உறவினர் வீட்டில், அது எவ்வளவு அன்பான வீடாக இருந்தாலும், அவர்களுடைய நேரத்துக்கு எழுந்து அவர்களுடைய நேரத்துக்குப் படுக்க வேண்டும். நாங்கள் தங்கிய அந்தக் குடியிருப்பில் படுக்கையறைக்குக் கதவு இருந்தது, அதற்கு வெளியே ஒரு கூடம் இருந்தது, லிஃப்டிலிருந்து இறங்கினால் படியே ஏறாமல் அம்மா தன் அறைக்குள் போக முடிந்தது. விடியுமுன் விழித்துக்கொள்கிற அவர் யாரையும் கேட்காமல் சமையலறை விளக்கைப் போட்டார். வேறு எங்கே அவர் கேட்க வேண்டியிருந்தது என்பதை இங்கே நான் எழுதப்போவதில்லை.

அந்த இடத்தில் குறையே இல்லை என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. விடுதியைப்போலத் தினமும் அறையைச் சுத்தம் செய்ய ஆள் வரவில்லை. பாத்திரங்களை நாங்களே கழுவினோம். காலி செய்யும் நாளில் கரண்டி முதல் தலையணை வரை பட்டியலை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் முன்பணத்தைத் திருப்பித் தந்தார்கள். ஈரமாகவே கிடந்த துணிகளைச் சுட்டிக்காட்டி, "இதற்குத்தானா இவ்வளவு செலவு?" என்றும் நீங்கள் கேட்டீர்கள். துவைத்து உலர்த்தும் அந்த வகை இயந்திரம், ஒரே தடவையில் துவைக்கும் அளவு துணியை ஒரே தடவையில் உலர்த்தாது. பாதியை வெளியே எடுத்துவிட வேண்டும். சிறிய விஷயம்தான், ஆனால் நீங்கள் அதைப் பலரிடம் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது. பாத்திரத்துக்காகக் காந்தத்தோடு அலைந்ததை மட்டும் ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை?

நினைவு நாள் காரியங்களுக்கு விடியற்காலையிலேயே வந்துவிடுவோம், இரவு அங்கே திரும்பிவிடுவோம். இதில் மாற்றம் இல்லை. உங்கள் வீட்டில் அம்மாவின் அறையில் எங்களுக்குப் படுக்கை போடச் சொல்லியிருப்பதாக அண்ணி கூறினார். அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அந்த அறையில் என்னால் இப்போது தூங்க முடியாது. இதை உங்களிடம் நேரில் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

இரண்டாவது படுக்கையறை நீங்களும் அண்ணியும் வருவீர்கள் என்ற எண்ணத்தில் எடுத்தது. ஓர் இரவாவது வந்து தங்குங்கள். இரவில் தங்கும் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் வரவேற்பில் பதிவு செய்கிறார்கள். வருவதாக இருந்தால் இருவருடைய அட்டைகளின் நகலையும் முன்னதாகவே எனக்கு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் தங்கை