மயிலாடும்பாறை பாறை ஓவியங்களைக் காக்கவும் வழிகாட்டிப் பலகை வைக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கிருஷ்ணகிரி.

பொருள்: பர்கூர் வட்டாரம், தொகரப்பள்ளி அருகே மயிலாடும்பாறையில் வழிகாட்டிப் பலகையும் எச்சரிக்கைப் பலகையும் வைத்து, உள்ளூர்க் காவலர் நியமிக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பொங்கல் விடுமுறையில் நான், என் மனைவி, என் அம்மா, ஒன்பதாவது படிக்கும் மகள், நான்காவது படிக்கும் மகன் என ஐந்து பேரும் மயிலாடும்பாறைக்கு மலையேறப் போனோம். போயே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தவள் மகள்தான். 2021இல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 9.5.2022 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு புழங்கிய இடம் சொந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்?

ஆனால் தொகரப்பள்ளியைத் தாண்டியதும் தடுமாறிப் போனோம். நாங்கள் போன வழியில் ஒரு பலகையும் கண்ணில் படவில்லை. ஒரே தடத்தில் இரண்டு முறை போய்த் திரும்பினோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் என் அம்மா விசாரித்தார். "இரும்பு தோண்டுன எடந்தானே கேக்கறீங்க?" என்றவர், ஆடுகளைப் பேரனிடம் விட்டுவிட்டு எங்களுடனேயே நடந்து வந்தார்.

பெரிய பெரிய குண்டுப்பாறைகள், வெயிலும் மழையும் ஏடு ஏடாக உரித்துவிட்டு உருட்டி வைத்தது போல. மேல்பாறை கூரையாக நீண்டு நிற்கும் ஒரு புடவுக்குள் பாட்டி எங்களைக் கூட்டிப்போனார். அங்கே வெள்ளைக் கோடுகளில் ஓவியங்கள். என் மகள் பேச்சே இல்லாமல் நின்றாள்.

அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் இந்த மனுவே எழுதுகிறேன். கோடுகள் மங்கலாக இருந்ததால், போட்டோவில் தெளிவாக விழட்டும் என்று என் மகன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாறைமேல் ஊற்றப் போனான். "ஊத்தாத கண்ணு, அழிஞ்சிரும்" என்று பாட்டி அவன் கையைப் பிடித்துவிட்டார். அவர் வராமல் இருந்திருந்தால் நாங்களே அந்தத் தவறைச் செய்திருப்போம். ஊற்றக் கூடாது என்று எங்களுக்குச் சொல்ல அங்கே வேறு எதுவும் இல்லை. ஓவியத்துக்கு ஒரு சாண் தள்ளி, கரித்துண்டால் யாரோ இரண்டு பெயர்கள் எழுதியிருந்தார்கள். கீழே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிய தடம். மேலே பாறைக்கூரையில் கைப்பிடி அகலத்துக்குப் புகைக்கரி. தண்ணீரையும் புகையையும் அந்த வெள்ளைக் கோடுகள் எத்தனை நாள் தாங்கும்?

இறங்கும்போது வழுக்குப் பாறையில் என் அம்மா சறுக்கிக் கணுக்கால் பிசகியது. போனில் சிக்னல் இல்லை. ஆடு மேய்க்கும் பையன்கள் இருவர்தான் தாங்கிப் பிடித்துக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஏறவும் இறங்கவும் எது நல்ல தடம் என்று தெரிந்திருந்தால் அந்தப் பக்கம் கால் வைத்திருக்கவே மாட்டோம்.

ஆகவே, சாலை பிரியும் இடத்திலும் மலையடிவாரத்திலும் வழிகாட்டிப் பலகை வைக்க வேண்டுகிறேன். புடவுக்கு முன்னால், ஓவியத்தைத் தொடக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ மூட்டக் கூடாது என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை கட்டாயம் வேண்டும். அது ஓவியம் உள்ள பாறையில் ஆணி அடிக்காமல் தனியாக நட்டதாக இருக்க வேண்டும். பழைய சின்னங்களுக்கான தமிழ்நாடு அரசின் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இப்பாறைகளுக்கு முழுமையாகக் கிடைக்கவும், கரி எழுத்துகளைத் தொல்லியல் துறையினரே முறையாக அகற்றவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயிண்ட் அடிப்பவர்களை அனுப்பிவிட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்தப் பாட்டியைப் போல இடம் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் இருவருக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்துக் காவலராகவும் வழிகாட்டியாகவும் அமர்த்துங்கள். சிமென்ட் படிக்கட்டும் செல்ஃபி மேடையும் அந்த மலைக்கு வேண்டாம்.

நாங்கள் எடுத்த படங்களை இத்துடன் இணைத்துள்ளேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மகளுடன் நேரில் வந்து விவரம் சொல்லத் தயாராக உள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)