சிலைகளுக்கு முதுகும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான அருங்காட்சியகச் சுற்றுலாக் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். எந்த அரங்கிலிருந்து தொடங்கலாம், எப்போது போனால் கூட்டம் குறைவு என்பதெல்லாம் உபயோகமான தகவல்கள். ஆனால், வெளியே தோட்டத்திலும் சில சிலைகள் இருப்பதாகவும் நேரம் மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்றும் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுக் கட்டுரையாளர் வாசலைத் தாண்டிப் போய்விட்டார். அந்த ஒற்றை வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நானும் ஒரு காலத்தில் அப்படிப் பார்த்தவன்தான். ஓவியத்துக்குப் பழகிய கண், சிலையின் எதிரிலும் போய் நேராக நின்றுகொள்ளும். பெயர்ப்பலகையைப் படிக்கும், படம் எடுக்கும், அடுத்ததற்கு நகரும். டோக்கியோவில் மேற்கத்தியக் கலைக்கான தேசிய அருங்காட்சியகத்தின் முற்றத்தில் பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் ‘கலே நகரத்தார்’ என்ற ஆறு பேர் கொண்ட வெண்கலச் சிலைத் தொகுதி இருக்கிறது. முற்றத்துக்கு டிக்கெட் வேண்டாம். அங்கே கேமராவை வைத்துக்கொண்டு திண்டாடியபோதுதான் என் பழக்கத்தின் கோளாறு எனக்கே தெரிந்தது. எங்கே போய் நின்றாலும் அந்த ஆறு பேரில் யாராவது ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

1347-இல் முற்றுகையில் சிக்கியிருந்த பிரான்ஸின் கலே நகரத்தைக் காப்பாற்ற, கழுத்தில் கயிற்றோடும் கையில் சாவியோடும் எதிரி மன்னனிடம் சாகப் புறப்பட்டவர்கள் அவர்கள். (கடைசியில் அரசி மன்றாடி உயிரைக் காப்பாற்றியது வேறு கதை, சிற்பத்தில் இருப்பவர்களுக்கு அது இன்னும் தெரியாது.) ஒருவர் தலையை இரு கைகளாலும் பற்றிக் குனிந்திருக்கிறார். அவர் முகத்தைத் தேடிப் போனால், நடுவில் இன்னொருவரின் சாவி பிடித்த கை வந்து மறிக்கிறது. சுற்றித்தான் வர வேண்டும். ஒருவர் பார்வை மற்றவர் பார்வையைச் சந்திக்கவே இல்லை என்பது மூன்றாவது சுற்றில்தான் எனக்குப் பட்டது. சேர்ந்து சாகப் போகிறவர்கள். ஆளுக்கொரு தனிமையில் போகிறார்கள்.

ரோதான் இவர்களைப் பீடமில்லாமல் தரையிலேயே, தெருவில் போகிறவர்களோடு தோள் உரசும்படி நிறுத்த ஆசைப்பட்டார். கலே நகரம் 1895-இல் பீடத்தில் ஏற்றி வைத்தே திறந்தது. ரோதான் இறந்தது 1917-இல். அந்தப் பீடம் இறங்கியது அதற்கும் பிறகுதான். இதே தொகுதியின் வார்ப்பு ஒன்று லண்டனில் நாடாளுமன்றத்தை ஒட்டிய பூங்காவில் மழையில் நனைகிறது. இன்னொன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கட்டடத்துக்குள் இருக்கிறது. அச்சு ஒன்றுதான். ஆனால் வெளியே நிற்கும் வெண்கலத்தில் காலை ஒரு சுருக்கத்தைக் காட்டும், மாலை வேறொன்றைக் காட்டும். உச்சி வெயிலில் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று நகர்ந்தவர்கள் அந்தி சாயும்போது ஒருமுறை திரும்பி வந்து பார்க்கட்டும்.

இதனால் அரங்குக்குள் இருப்பதெல்லாம் உயிரற்றவை என்று சொல்ல வரவில்லை. ஏதென்ஸில் எரக்தியோன் கோயிலின் கூரையைத் தலையில் தாங்கி நின்ற பெண் சிலைகளில் ஐந்து இப்போது அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆறாவது பிரிட்டிஷ் மியூசியத்தில். கோயிலில் நிற்பவை நகல்கள். மூலம் நின்ற இடத்தில் பயணிகளால் பின்னால் போய்ப் பார்க்க முடியாது. அருங்காட்சியகத்தில் முடியும். போனால், முதுகில் கனமாகத் தொங்கும் பின்னல்கள், ஒவ்வொரு புரியும் தனித்தனியாகச் செதுக்கப்பட்டவை. வெறும் அலங்காரம் இல்லை அது. அவ்வளவு பாரத்தைச் சுமக்கும் மெல்லிய கழுத்து முறியாமலிருக்கப் பின்னலே முட்டுக் கொடுக்கிறது. சிகையலங்காரத்துக்குள் பொறியியலை ஒளித்து வைத்த அந்தச் சிற்பியை முன்பக்கத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பழங்கிரேக்கச் சிலையான சாமோத்ராஸ் வெற்றித் தேவதையிடம் இதற்கு நேர்மாறான அனுபவம் கிடைக்கும். அதன் வலப்பக்கம் இடப்பக்கத்தைப் போல் முழுமையாக வேலை செய்யப்படவில்லை. இடப்புறம் சற்றுச் சாய்வாக நின்று பார்க்கவே அது வடிக்கப்பட்டது. உளி எங்கே ஓய்ந்தது என்று தெரிந்துகொள்ளவும் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது.

சுற்றிவரச் சொன்னதற்காகவே தொலைந்த சிற்பமும் உண்டு. 1981-இல் அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா நியூயார்க்கில் ஓர் அரசு அலுவலக வளாகத்தின் குறுக்கே 120 அடி நீளத்துக்கு வளைந்த இரும்புச் சுவர் ஒன்றை நிறுத்தினார். அலுவலகம் போகிறவர்களுக்கு அது இடைஞ்சல். வழக்கு, விசாரணை எல்லாம் நடந்து 1989-இல் வெட்டி எடுத்துப்போய்விட்டார்கள். அந்த இடத்துக்காகவே செய்ததை இடம் மாற்றினால் அது அழிந்ததாகவே பொருள் என்பது செர்ராவின் வாதம். எனக்கு இரண்டு தரப்பின் மீதும் அனுதாபம் உண்டு. தினமும் அவசரமாக வேலைக்குப் போகிறவரிடம் கலைக்காக நூறடி சுற்றச் சொல்வது எளிதல்ல. விடுமுறையில் பார்க்கவென்றே வந்திருக்கும் நமக்கு மட்டும் என்ன அவசரம்?

‘தொடாதீர்கள்’ பலகை குறித்துக் கட்டுரையாளர் சலித்துக்கொண்டதில் எனக்கு உடன்பாடில்லை. வியர்வையின் உப்பும் எண்ணெயும் கல்லையும் உலோகத்தையும் மெல்லத் தின்னும். வாடிகனில் புனித பேதுருவின் வெண்கலச் சிலையில் பக்தர்களின் கை பட்டுப் பட்டே கால் விரல்கள் மழுங்கிவிட்டன. தடவிப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு இத்தாலியின் அங்கோனாவில் ஓமேரோ அருங்காட்சியகம் இருக்கிறது. பார்வையற்றவர்களுக்காகத் தொடங்கியது, அங்கே தொடுவதுதான் முறை.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அதே கட்டுரையில் ஏழு சிலைகளின் படங்கள் அச்சாகியிருந்தன. எண்ணிப் பார்த்தேன், ஏழும் முன்பக்கம். அடுத்த முறை ஒன்றையாவது பின்னால் போய் எடுத்துவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்